லேக்ஹர்ஸ்ட் கடற்படை விமானத் தளம்: ஹிண்டன்பர்க்குக்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் லேக்ஹர்ஸ்ட் கடற்படை விமானத் தளத்தை உலகம் ஒரே ஒரு காட்சியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. 1937 மே 6 மாலை, ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மானிய வான்கப்பல் (காற்றைவிட லேசான வாயுவை நிரப்பிப் பறக்கவிடும் கப்பல்) அங்கே தரையிறங்கும்போது வால் பக்கம் தீப்பிடித்து, அரை நிமிடத்தில் எலும்புக்கூடாகச் சரிந்த காட்சி. 36 பேர் இறந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு இதே தளத்திலிருந்து கிளம்பிய ஆக்ரன் என்ற அமெரிக்கக் கடற்படை வான்கப்பல் கடலில் விழுந்ததில் இறந்தவர்கள் 73 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஆக்ரனைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அது விழுந்தது நள்ளிரவில், புயலுக்கு நடுவே, கரையில் நின்ற யார் கண்ணுக்கும் தெரியாத தூரத்தில். அங்கே கேமராவும் இல்லை, ஒலிப்பதிவுக் கருவியோடு நின்ற வானொலிச் செய்தியாளரும் இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஹிண்டன்பர்க்கில் இருந்தது ஹைட்ரஜன். ஆக்ரனில் இருந்தது தீப்பற்றாத ஹீலியம். வான்கப்பல்களின் காலத்தை ஹைட்ரஜன்தான் முடித்து வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். லேக்ஹர்ஸ்ட்டின் வரலாற்றை வரிசையாகப் படித்தால் அந்த முடிவு நிற்காது. அந்தத் தளத்தை ஆட்டிப் படைத்தது காற்று. கூடவே, காற்றைப் பற்றி மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

மணல் காட்டில் ஒரு கொட்டகை

தளம் இருப்பது பைன் பாரன்ஸ் எனப்படும் மணற்பாங்கான பைன் காட்டுக்குள். முதல் உலகப் போரின்போது ரஷ்யப் பேரரசின் ராணுவத்துக்காகத் தயாரான பீரங்கிக் குண்டுகளை இங்கேதான் வெடித்துச் சோதித்தார்கள். பிறகு அமெரிக்க ராணுவம் முகாம் போட்டது. போர் முடிந்ததும் கடற்படை அதை வாங்கி, பெரிய வான்கப்பல்களுக்கான தளமாக மாற்றத் தொடங்கியது. 1921 ஜூன் 28 அன்று தளம் முறையாகச் செயல்பாட்டுக்கு வந்தது.

முதலில் கட்டியது ஹேங்கர் 1 என்ற கப்பல் கொட்டகை. ஏறத்தாழ 960 அடி நீளம், 350 அடி அகலம், உள்ளே 200 அடி உயரம். இன்றும் நிற்கிறது. இத்தனை பெரிதாகக் கட்டியும் அடிப்படைச் சிக்கல் ஒன்று தீரவில்லை. ஹேங்கரைத் திருப்பி வைக்க முடியாது. காற்றோ தன் இஷ்டத்துக்குத் திசை மாறும். 700 அடி நீளமுள்ள, காற்றைவிட லேசான ஒரு பொருளை வாசல் வழியாக வெளியே இழுக்கும்போது பக்கவாட்டில் காற்று அடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் 200, 300 பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காற்று சரியில்லை என்றால் கப்பல் மணிக்கணக்கில் வெளியே காத்திருக்கும், அல்லது நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கும்.

இந்தத் தளத்துக்கென்று பிரிட்டனில் கட்டப்பட்ட முதல் பெரிய கப்பல் இங்கே வந்து சேரவே இல்லை. ஆர்38 என்ற அது 1921 ஆகஸ்ட் 24 அன்று சோதனைப் பறப்பின்போது இங்கிலாந்தின் ஹல் நகருக்கு மேல் முறிந்து விழுந்தது. 44 பேர் பலி. அவர்களில் 16 பேர் அமெரிக்கர்கள். தளம் திறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் ரோமா என்ற வான்கப்பல் நார்ஃபோக் அருகே மின்கம்பியில் மோதி எரிந்ததில் 34 பேர் இறந்தார்கள். அதோடு அமெரிக்கா ஹைட்ரஜனைக் கைவிட்டது. அன்று ஹீலியம் கிட்டத்தட்ட டெக்சாஸ் பக்கத்து இயற்கை எரிவாயுவிலிருந்து மட்டுமே கிடைத்தது. விலையும் அதிகம், அளவும் குறைவு. 1924-ல் இரண்டாவது கப்பல் வந்தபோது இரண்டையும் ஒருசேர நிரப்ப ஹீலியம் இல்லாமல், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் நிரப்பினார்கள் என்றால் நிலைமை புரியும்.

ஷெனான்டோவாவும் லாஸ் ஏஞ்சலஸும்

லேக்ஹர்ஸ்ட்டிலேயே பூட்டி முடித்த ஷெனான்டோவா 1923 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஹீலியத்தில் பறந்த முதல் பெரிய சட்டக வான்கப்பல் (உள்ளே உலோகச் சட்டம் கொண்டது) அதுதான். 1924 ஜனவரி 16 இரவு தளத்தின் உயரக் கம்பத்தில் மூக்கைக் கட்டி நிறுத்தியிருந்தபோது சூறைக்காற்று அடித்தது. மூக்கின் ஒரு பகுதி பிய்ந்து கம்பத்தோடு நின்றுவிட, கப்பல் உள்ளே இருந்தவர்களோடு இருட்டில் பறந்து போனது. அவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்து விடிவதற்குள் தளத்துக்குத் திரும்பியது பெரிய சாமர்த்தியம்தான். ஆனால் அது ஓர் எச்சரிக்கையாகவும் இருந்திருக்க வேண்டும்.

1925 செப்டம்பரில் மத்திய மேற்கு மாநிலங்களின் கண்காட்சிகளுக்கு மேலே கப்பலைப் பறக்கவிட்டு மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. கேப்டன் சாக்கரி லான்ஸ்டவுன் ஒஹையோவில் பிறந்தவர். அந்தப் பருவத்து இடிமழை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், தள்ளிப்போடச் சொன்னார். ஓரளவு தள்ளிப்போட்டார்களே தவிர, விடவில்லை. செப்டம்பர் 3 அதிகாலை ஒஹையோவின் மேலே கப்பல் புயலில் சிக்கியது. மேல்நோக்கி அடித்த காற்று அதைத் தூக்கி எறிய, சட்டம் முறிந்து துண்டு துண்டானது. லான்ஸ்டவுன் உட்பட 14 பேர் இறந்தார்கள். முறிந்த மூக்குப் பகுதியில் இருந்த சிலர், வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி அதையே பலூனைப் போல் இறக்கி உயிர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் சார்லஸ் ரோசன்டால். பின்னாளில் ஹிண்டன்பர்க் எரிந்தபோது லேக்ஹர்ஸ்ட் தளபதியாக இருந்தவர் இவர்தான்.

அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த பெரிய சட்டக வான்கப்பல்களில் முறியாமல், மூழ்காமல் வயதாகி ஓய்வு பெற்றது ஒன்றே ஒன்று: லாஸ் ஏஞ்சலஸ். போர் இழப்பீடாக ஜெர்மனி கட்டித் தந்தது. ஜெர்மானிய வான்கப்பல் நிபுணர் ஹூகோ எக்கனர் அதை அட்லான்டிக்குக் குறுக்கே ஓட்டிவந்து 1924 அக்டோபர் 15 அன்று லேக்ஹர்ஸ்ட்டில் இறக்கினார். நாலாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்த அதற்கும் வினோதமான ஒரு நாள் வாய்த்தது. 1927 ஆகஸ்ட் 25 பிற்பகல் அது உயரக் கம்பத்தில் நின்றுகொண்டிருந்தது. கடலிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று திரும்பி வாலின் அடியில் புகுந்தது. குளிர்காற்று அடர்த்தி கூடியது. சூடான காற்றில் எடை சரிசெய்து வைத்த கப்பல் அதில் மேலே மிதக்கும். வால் எழத் தொடங்கியது. உள்ளே இருந்த 25 பேரில் சிலரைப் பின்பக்கம் ஓடி எடை கொடுக்கச் சொன்னார்கள், பலிக்கவில்லை. 650 அடிக்கும் மேல் நீளமான கப்பல் மூக்கில் நின்று கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்து, மெல்லச் சுழன்று, மறுபக்கம் படுத்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அதைப் படம் எடுத்தவரும் இருந்தார், இன்றும் பார்க்கலாம். உயரக் கம்பம் சரிப்படாது என்று அதன் பிறகுதான் கடற்படை குட்டைக் கம்பத்துக்கு மாறியது.

ஆக்ரன்: 1933 ஏப்ரல் 3 இரவு

ஒஹையோவின் ஆக்ரன் நகரில் குட்இயர்-செப்பலின் நிறுவனம் கட்டிய இந்தக் கப்பலின் நீளம் 785 அடி, கொள்ளளவு 65 லட்சம் கன அடி ஹீலியம். வயிற்றுக்குள் சிறிய போர்விமானங்களை வைத்துக்கொண்டு, நடுவானில் தொங்கு கம்பி வழியாக அவற்றை விடவும் திரும்பப் பிடிக்கவும் செய்யும். கடலில் எதிரிக் கப்பல்களைத் தேடும் பறக்கும் விமானந்தாங்கி என்பது கடற்படையின் கனவு. அந்தக் கனவுக்குப் பின்னால் நின்றவர் கடற்படை வானூர்தித் துறைத் தலைவர் ரியர் அட்மிரல் வில்லியம் மொஃபெட்.

சகுனம் நன்றாக இல்லை என்று சொல்லத் தோன்றும். 1932 பிப்ரவரி 22 அன்று நாடாளுமன்றக் குழுவினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஹேங்கரிலிருந்து வெளியே வந்த ஆக்ரனின் வாலைக் காற்று பிடுங்கித் தரையில் மோதவிட்டது. அதே ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவில் தரையிறங்க முயன்றபோது, கயிற்றைப் பிடித்திருந்த மூன்று மாலுமிகளை அது மேலே தூக்கிச் சென்றது. இருவர் விழுந்து இறந்தார்கள். ஆக, தரையருகே காற்றைச் சமாளிப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இந்தக் கப்பல் அழிந்ததோ தரையிலிருந்து வெகு தொலைவில்.

ஏப்ரல் 3 மாலை ஏழரை மணியளவில், நியூ இங்கிலாந்துக் கரையோர வானொலித் திசைகாட்டி நிலையங்களைச் சரிபார்க்க உதவும் பயணத்துக்காக ஆக்ரன் லேக்ஹர்ஸ்ட்டைவிட்டுக் கிளம்பியது. தரையெல்லாம் மூடுபனி. கேப்டன் ஃபிராங்க் மெக்கார்ட், துணை அதிகாரி ஹெர்பர்ட் வைலி, உடன் மொஃபெட். மொத்தம் 76 பேர். ஒன்றரை மணி நேரத்துக்குள் மின்னல் தெரியத் தொடங்கியது. வானொலியில் வந்த வானிலை வரைபடத் தகவல், இடி மின்னலின் இரைச்சலில் முழுதாகக் கைக்கு வரவில்லை. மெக்கார்ட் கடல் பக்கம் ஒதுங்கினார். கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த புயலுக்கு முன்னால் ஓடியதால் அதைவிட்டு விலக முடியவில்லை.

நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் கீழ்நோக்கிய காற்று கப்பலை அழுத்தியது. 1,600 அடியில் இருந்தது 700 அடி வரை இறங்கியது. தண்ணீரைக் கொட்டி எடை குறைத்து மறுபடி மேலே கொண்டுவந்தார்கள். இரண்டாவது முறை காற்று அழுத்தியபோது மேலே ஏற மூக்கைத் தூக்கினார்கள்.

இங்கேதான் இந்த விபத்தின் முடிச்சு இருக்கிறது. அன்றைய உயரமானி அடிப்படையில் ஒரு காற்றழுத்தமானி. கிளம்பிய இடத்தின் அழுத்தத்தை வைத்து அதைச் சரிசெய்வார்கள். புயலின் மையத்தை நெருங்க நெருங்கச் சுற்றியுள்ள அழுத்தமே குறையும். கருவியோ கப்பல் உயரே போவதாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு 10 மில்லிபார் குறைவுக்கும் 270 அடி அளவுக்குப் பொய் சொல்லும். இருட்டில், மழையில், கீழே கடல் கண்ணுக்குத் தெரியாத நிலையில் நம்புவதற்கு அந்த ஒரு கருவிதான் இருந்தது. நீளமும் சேர்ந்துகொண்டது. கட்டுப்பாட்டு அறை முன்பக்கம். வால் அதற்கு 500 அடிக்கும் மேல் பின்னால். மூக்கை 20 பாகை தூக்கினால் வால், கட்டுப்பாட்டு அறையைவிட 170 அடிக்கும் கீழே போய்விடும். முன்னால் நின்றவர்கள் கைவசம் நூற்றுக்கணக்கான அடி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, கீழ் வால்துடுப்பு அலையில் மோதிப் பிய்ந்தது. சுக்கான் போனது. மீதிக் கப்பல் பின்பக்கமாகத் தண்ணீரில் அமிழ்ந்தது.

மோதலில் எத்தனை பேர் இறந்தார்களோ, அதைவிட அதிகம் பேரைக் கொன்றது தண்ணீரின் குளிர். ஏப்ரல் மாத அட்லான்டிக். கப்பலில் லைஃப் ஜாக்கெட்டுகள் இல்லை. ஒரே ஒரு ரப்பர் படகு இருந்தது. அதை எடுக்க நேரம் இல்லை. கடலுக்கு மேல் பறப்பதற்கென்றே கட்டிய கப்பல் இது என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. புயலைத் தடுக்க முடியாது, உயரமானியின் குறை அன்றைய அறிவியலின் எல்லை. லைஃப் ஜாக்கெட் அப்படிப்பட்ட விஷயம் இல்லையே. அந்த வழியாக வந்த ஃபோபஸ் என்ற ஜெர்மானியக் கப்பல் நான்கு பேரைத் தூக்கியது. ஒருவர் கப்பலிலேயே இறந்தார். பிழைத்தவர்கள் மூவர்: வைலி, மூடி எர்வின், ரிச்சர்ட் டீல். மொஃபெட் பிழைக்கவில்லை. மறுநாள் தேடுவதற்காக லேக்ஹர்ஸ்ட்டிலிருந்து போன ஜே-3 என்ற சிறிய பிளிம்ப்பும் (உலோகச் சட்டம் இல்லாத வான்கப்பல்) கடலில் விழுந்து, அதில் இருவர் இறந்தார்கள்.

கடற்படை விசாரணை மன்றம், புயலின் பாதுகாப்பான பக்கத்துக்குக் கப்பலைத் திருப்பாததை மெக்கார்டின் கணிப்புப் பிழை என்றது. பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. அந்தப் பயணத்தை ஏன் தள்ளிப்போடவில்லை, லைஃப் ஜாக்கெட் ஏன் இல்லை என்பவற்றுக்கு ஒரே மனிதரின் கணிப்பைக் காரணம் காட்ட முடியாது.

அந்தக் கேள்விக்கு விடை இரண்டே ஆண்டுகளில் இன்னொரு விபத்தாகவே வந்தது. ஆக்ரனின் இரட்டைக் கப்பலான மேக்கன் 1935 பிப்ரவரி 12 அன்று கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் அருகே வால் முறிந்து கடலில் இறங்கியது. இம்முறை லைஃப் ஜாக்கெட்டும் ரப்பர் படகுகளும் இருந்தன. 83 பேரில் இறந்தவர்கள் இருவர் மட்டுமே. கேப்டன் யார் தெரியுமா? ஆக்ரனில் பிழைத்த அதே வைலி. அவர் பிறகு இரண்டாம் உலகப் போரில் வெஸ்ட் வர்ஜீனியா போர்க்கப்பலுக்குத் தலைமை வகித்து, சுரிகாவோ நீரிணைப் போரில் ஈடுபட்டது தனிக் கதை.

ஹிண்டன்பர்க் வந்த மாலை

மேக்கனோடு அமெரிக்கக் கடற்படையின் பெரிய வான்கப்பல் திட்டம் முடிந்துபோயிற்று. லேக்ஹர்ஸ்ட் விருந்தினர்களுக்கான துறைமுகமாயிற்று. அதற்கு முன்பே, 1929-ல், கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மானிய வான்கப்பல் உலகைச் சுற்றிய பயணம் இங்கிருந்துதான் ஆகஸ்ட் 8 அன்று தொடங்கி 29 அன்று இங்கேயே முடிந்தது. 1936-ல் ஹிண்டன்பர்க் ஜெர்மனியிலிருந்து பத்து முறை வந்து திரும்பியது, பிரச்சினை இல்லாமல். அதை ஹீலியத்துக்காகத்தான் வடிவமைத்தார்கள். ஹீலியம் ஏற்றுமதியை அமெரிக்கச் சட்டம் தடுத்ததால் 70 லட்சம் கன அடி ஹைட்ரஜனில் பறந்தது.

1937 மே 6 காலை வந்திருக்க வேண்டிய கப்பல் எதிர்க்காற்றால் தாமதமானது. பிற்பகல் லேக்ஹர்ஸ்ட் மேல் வந்தபோது இடிமழை. கேப்டன் மாக்ஸ் புரூஸ் கடற்கரை ஓரமாகப் போய் வட்டமடித்துக் காத்திருந்தார். மாலை ஆறு மணிக்குப் பிறகு நிலைமை சரியாகிறது, சீக்கிரம் இறங்கலாம் என்று தளபதி ரோசன்டால் வானொலியில் தெரிவித்தார். கீழே கடற்படையினரும், அன்றைய வேலைக்காக ஊரிலிருந்து அழைத்த பொதுமக்களுமாக 200 பேருக்கு மேல் கயிறு பிடிக்கக் காத்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு மேல் கப்பல் நெருங்கியது. காற்று திசை மாறியது. நேராகக் கம்பத்துக்கு வர வேண்டிய கப்பல் அடுத்தடுத்துக் கூர்மையாகத் திரும்ப வேண்டியதாயிற்று. வால் கனத்துத் தாழ்ந்தது. தண்ணீரைக் கொட்டினார்கள், ஆறு பேரை மூக்குப் பக்கம் அனுப்பினார்கள். 7.21-க்கு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கயிறுகள் கீழே விழுந்தன. 7.25-க்கு வாலின் மேற்புறம் தீ. சுமார் 34 விநாடியில் எல்லாம் முடிந்தது. கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படத்தைப் பார்க்கிற யாரும் ஒருவர்கூடப் பிழைத்திருக்க மாட்டார் என்றே நினைப்பார்கள். தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்.

விசாரணையும் இதே தளத்தின் ஹேங்கரில்தான் தொடங்கியது. வால் பக்கத்து வாயுப்பை ஒன்றில் கசிந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்திருக்க, மின்புயலுக்குப் பின் கப்பலில் தேங்கியிருந்த மின்னேற்றம் பொறியாகியிருக்கலாம் என்பதே குழுவின் முடிவு. எக்கனர் ஒரு படி மேலே போனார்: கடைசிக் கூர்மையான திருப்பத்தில் உள்ளிருந்த இழுகம்பி ஒன்று அறுந்து வாயுப்பையைக் கிழித்திருக்கலாம் என்றார். கயிறுகள் மழையில் நனைந்த பிறகு மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தின. சட்டத்தின் மின்னேற்றம் இறங்கியது, துணி உறையில் இருந்தது இறங்கவில்லை. இரண்டுக்கும் இடையில் பொறி. கயிறு விழுந்து நான்கு நிமிடம் கழித்துத் தீ பிடித்ததற்கு இது பொருந்துகிறது. ரோசன்டாலும் புரூஸும் கடைசிவரை நாசவேலை என்றே நம்பினார்கள். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உறையின் பூச்சுதான் எரிந்தது என்று பின்னாளில் வந்த வாதமும் என்னை நம்பவைக்கவில்லை. அந்தத் துணி அவ்வளவு வேகமாக எரியக்கூடியது அல்ல.

தீயைப் பரப்பியது ஹைட்ரஜன், சந்தேகம் இல்லை. எக்கனர் சொன்னது சரி என்றால், பையைக் கிழித்தது கடைசி நிமிடக் காற்றுமாற்றமும் அதனால் வந்த திருப்பமும். 1927-ல் லாஸ் ஏஞ்சலஸைத் தலைகீழாக நிறுத்தியதும், 1932-ல் ஆக்ரனின் வாலை உடைத்ததும் அதே லேக்ஹர்ஸ்ட் காற்றுதான்.

பிறகு நடந்தவை

லாஸ் ஏஞ்சலஸை 1939-ல் பிரித்துப் போட்டார்கள். போர் வந்ததும் தளம் மறுபடி நிரம்பியது. ஜெர்மன் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கும் கே-வகை பிளிம்ப்புகளுக்கு இதுவே தலைமையிடம். மொத்தம் 134 கட்டினார்கள். உலோகச் சட்டம் இல்லாத, 250 அடி நீளமுள்ள சிறிய கப்பல்கள். முறிவதற்கு எலும்பு இல்லை, கையாள ஆளும் குறைவு. பெரியவற்றால் முடியாத காரியத்தை இவை சத்தமில்லாமல் செய்தன. 1948 ஏப்ரல் 1 அன்று கடற்படையின் முதல் ஹெலிகாப்டர் அணியும் இங்கே தொடங்கியது.

பிளிம்ப்புகளுக்கும் பெரிதாகும் ஆசை வந்தது. ரேடாரை வயிற்றுக்குள் வைத்த இசட்பிஜி-3டபிள்யூ வகை 400 அடியைத் தாண்டியது. 1960 ஜூலை 6 அன்று அவற்றில் ஒன்று நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. இருந்தவர்கள் 21, இறந்தவர்கள் 18, பிழைத்தவர்கள் மூவர். ஆக்ரன் கிடக்கும் அதே கடல்பகுதி. அடுத்த ஆண்டு வான்கப்பல் பிரிவைக் கலைக்க உத்தரவு வந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று கடைசிப் பறப்பு.

இன்று லேக்ஹர்ஸ்ட், 2009-ல் மூன்று படைகளின் தளங்களை இணைத்து உருவாக்கிய மெக்குவயர்-டிக்ஸ்-லேக்ஹர்ஸ்ட் கூட்டுத் தளத்தின் ஒரு பகுதி. விமானந்தாங்கிக் கப்பல்களில் விமானங்களை எறியும், பிடித்து நிறுத்தும் கருவிகளைச் சோதிப்பதே இப்போதைய முக்கிய வேலை. நீராவிக்குப் பதிலாக மின்காந்தத்தால் இயங்கும் புதிய எறிகருவி, ஜெரால்டு ஃபோர்டு கப்பலில் ஏறுவதற்கு முன் 2010 டிசம்பரில் முதல் முறையாக ஒரு எஃப்-18 போர்விமானத்தை விண்ணுக்கு அனுப்பியது இங்கேதான்.